பட்டமறிந்து விதைப்போம்

(தில்லித் தமிழன்பர்களின் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் மணம் பரப்பும் இம்மேடையில், வீட்டுத் தோட்டத்திற்குக் காய்கறி விதைகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இது ஒரு சிறு பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். பிறந்த ஊரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து குடியமர்ந்திருக்கும் நமக்கு, நாம் உண்ணும் கீரையும் காயும் சிறு பொருள் அல்ல என்பதை இங்குள்ள தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

நம் குடியிருப்புகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வரும் தாயார், முந்தானையில் முடிந்து அவரை விதையும் புடலை விதையும் கொண்டுவருகிறார். தை பிறந்ததும், வழி பிறக்கும் என்ற நம்பிக்கையோடு அவற்றை ஊன்றுகிறார். விதைகள் முளைக்காமலே அழுகிப் போகின்றன. மாசியில் மீண்டும் ஊன்றினால் கொடி பந்தலை மூடிப் படர்கிறது. ஆனால் வைகாசியிலும் பூவில்லை, ஆனியிலும் பூவில்லை. 'இந்த மண் நமக்கு ஆகாது' என்று சொல்லி அந்த அம்மையார் மனம் சோர்ந்துவிடுகிறார். அவர் சொல்வது அவரைக்கொடியை மட்டும் பற்றியதா? இல்லை. 'எனக்கு இங்கே வேர் பிடிக்கவில்லை' என்ற ஏக்கமும் அச்சொல்லில் கலந்திருக்கிறது. ஆகவேதான் அச்சொல் சரிதானா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

அன்பர்களே! குறை மண்ணில் இல்லை, விதையிலும் இல்லை. யமுனை கொண்டுவந்து சேர்த்த வண்டல் இது. எத்தனையோ தலைமுறைகளாகக் காய்கறி விளைவித்துத் தந்த நிலம். குறை பட்டத்தில்தான் இருக்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றனர் நம் முன்னோர். அவர்கள் தேடச் சொன்னது பட்டத்தை. பட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும். தமிழகத்துப் பட்டத்தைத் தில்லிக்குச் சுமந்து வருவதால்தான் தொல்லை வருகிறது.

இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஐப்பசியில் தமிழகத்துக் கரையோரங்களில் அடைமழை. தில்லியிலோ வானம் தெளிந்து பனிக்காலம் தொடங்குகிறது. தில்லியில் மழை ஆனி நடுவில் தொடங்கிப் புரட்டாசியில் ஓய்ந்துவிடும். சனவரியில் இரவு வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. மே, சூன் மாதங்களில் பகல் வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களும் உண்டு. பகலின் நீளமும் வேறு. சூன் மாதத்தில் சென்னையின் நீண்ட பகல் 13 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. தில்லியில் அது ஏறத்தாழ 14 மணி நேரம். நம் பந்தல் அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. மாசியில் ஊன்றிய கொடி ஐப்பசி வரை பூக்காமல் நின்றதற்குக் காரணம் இதுவே. அதே விதையை ஆடியில் ஊன்றியிருந்தால், கொடி வளர்ந்து முடிக்கும் வேளையில் பகலும் குறுகியிருக்கும். பனிக்கு முன்பே காய் பறித்திருக்கலாம். செடி அவரையில், பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் ரகங்களும் உண்டு.

ஆகவே, விதை வாங்கும்போது எழவேண்டிய முதற்கேள்வி 'எந்த மாதத்திற்கு?' என்பதே. 'எந்தக் காய்?' என்பது இரண்டாவது கேள்விதான்.

தில்லித் தோட்டத்திற்கு மூன்று பட்டங்கள் உண்டு. அவற்றை நம் மாதங்களின் பெயராலேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது ஐப்பசிப் பட்டம். தில்லித் தோட்டக்காரருக்கு இதுவே தலையாய பட்டம். புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை முள்ளங்கி, காரட், பட்டாணி, வெந்தயம், கொத்தமல்லி, பாலக் ஆகியவற்றை விதைக்கலாம். நம்மூரில் மலைக்காய் என்று விலை கொடுத்து வாங்கியவை இங்கே வீட்டு வாசலிலேயே விளையும். பட்டாணியில் 'ஆர்க்கெல்' விரைவில் காய்க்கும் ரகம். காரட்டில் இரு குலங்கள் உண்டு. வடநாட்டுச் சிவப்புக் காரட் சமவெளியிலேயே பூத்து விதை தரும். 'நாண்டீஸ்' போன்ற ஆரஞ்சு நிறக் காரட்டோ, விதை தர மலைநாட்டுக் குளிரை வேண்டும். ஆண்டுதோறும் சொந்த விதை எடுக்க விரும்புவோர் சிவப்பையே தேர்க.

இரண்டாவது மாசிப் பட்டம். தை மாதத்துக் குளிர்ந்த மண்ணில் வெண்டை முளைக்காது, பொறுத்திருக்க வேண்டும். மாசி முதல் வாரத்திற்குப் பின், வெயில் மண்ணைச் சூடாக்கியதும், வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, சுரை, பீர்க்கு, பாகல், கீரைவகைகள் யாவும் ஊன்றலாம். பங்குனி கடந்தபின் ஊன்றினால் இளஞ்செடிகள் அனற்காற்றில் கருகும்.

மூன்றாவது ஆடிப் பட்டம். ஆனி நடுவில் முதல் மழை விழுந்தது தொடங்கி ஆடி முடிய வெண்டை, காராமணி, அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றை நேராக ஊன்றலாம். ஆனியில் நாற்று விட்ட கத்தரியும் மிளகாயும் ஆடியில் நடவுக்கு ஆயத்தமாக இருக்கும். முன்னோர் சொல் தில்லியிலும் பொய்க்காத இடம் இது ஒன்றே எனலாம்.

தக்காளிக்கு மட்டும் தனிக் கணக்கு. இரவு கடுங்குளிராக இருந்தால் அதன் பூ உதிர்ந்துவிடும். கோடை உச்சத்திலும் உதிரும். ஆடிக் கடைசியில் நாற்று விட்டால் பனிக்கு முன் ஓர் அறுவடை காணலாம். கார்த்திகையில் நாற்று விட்டு, மூடாக்குப் போட்டுக் காத்து, தைக் கடைசியில் நட்டால் பங்குனி, சித்திரையில் மற்றோர் அறுவடை கிடைக்கும்.

ஒரே காயிலும் ரகத்திற்கு ரகம் பட்டம் மாறும் என்பதற்குக் காலிபிளவரைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை. அதில் முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம் என மூவகை ரகங்கள் உண்டு. முன்பட்ட ரகத்தைக் காலந்தாழ்த்தி நட்டால் பொத்தான் அளவிற்குப் பூ வந்து நின்றுவிடும். பின்பட்ட ரகமான 'சினோபால்' வகையை முன்கூட்டியே நட்டால் இலை பெருகுமேயன்றிப் பூ கட்டாது. முள்ளங்கியிலும் இவ்வாறே. 'புசா சேத்கி' வெப்பம் தாங்கும். சித்திரை முதல் ஆவணி வரை விதைக்கலாம். 'புசா ஹிமானி' மார்கழி, தை மாதக் குளிருக்கு உரியது. 'முள்ளங்கி விதை கொடு' என்று கேட்பது போதாது. 'இம்மாதத்து முள்ளங்கி விதை கொடு' என்று கேட்க வேண்டும்.

கடையில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அது பெயர்க் குழப்பம். சீதாபல் என்றால் நமக்குச் சீத்தாப்பழம். தில்லிக் கடைக்காரருக்கோ அது பரங்கிக்காய். நாம் சுரை என்பது அவருக்கு லௌகி, அல்லது கியா. பீர்க்கு என்பது தோரி. ஆனால் கியா தோரி என்று கேட்டால் வரியில்லாத மெழுகு பீர்க்கு வரும். புடலங்காய் சிச்சிண்டா; சாம்பற்பூசணி பேட்டா; கொத்தவரை குவார்; அவரை சேம். நாம் பசலை என்று பழக்கத்தில் சொல்லும் பாலக் உண்மையில் பசலைக்கொடி அன்று. அது பீட்ரூட் குலத்தைச் சேர்ந்தது. நம் கொடிப்பசலைக்கு இங்கே போயி என்று பெயர். இப்பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம்.

பெயரை அறிந்தபின் ஒரு வியப்பும் காத்திருக்கிறது. நாம் நம்மூருக்கே உரியவை என்று எண்ணி ஏங்கும் பல பயிர்கள் இந்நாட்டிற்கும் உரியவையே. முளைக்கீரையும் தண்டுக்கீரையும் இங்கே சௌலாயி என்ற பெயரில் கோடை முழுதும் தழைக்கின்றன. பருப்புக்கீரை குல்ஃபா என்ற பெயரில் கோடைச் சந்தைக்கு வருகிறது. கொத்தவரையோ இராசஸ்தானத்து வறண்ட நிலங்களில் பெரும்பயிர். இவற்றிற்கெல்லாம் ஊரிலிருந்து விதை வரவேண்டும் என்பதில்லை. பங்குனி முதல் ஆவணி வரை கீரை விதையைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சிறுகச் சிறுகத் தூவினால் அறுவடை ஓயாது. குளிரில் மட்டும் முளைக்கீரை வளராது. அப்போது பாலக்கும் வெந்தயக்கீரையும் அதன் இடத்தை நிரப்பும்.

இனி, சமையலுக்கு மணம் தரும் செடிகள். கறிவேப்பிலை இல்லாத தமிழர் அடுக்களை ஏது? இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் காடுகளில் கறிவேப்பிலை தானே விளைந்து கிடக்கிறது. ஆயினும் அதன் விதை நெடுநாள் உயிர் தாங்காது. பழம் கறுத்துக் கனிந்ததும் சதையை நீக்கிச் சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். காய்ந்த விதையைப் பொட்டலம் கட்டி வாங்குவது பயனற்றது. முதல் இரண்டு குளிர்காலங்களில் இளங்கன்றைப் பனி படாமல் சுவரோரம் வைத்துக் காக்க வேண்டும். இலை உதிர்ந்தாலும் மாசியில் துளிர்க்கும்.

கொத்தமல்லிக்கும் வெந்தயத்திற்கும் அடுக்களை டப்பாவே விதைக்கடை. ஆனால் சரக்கு புதியதாக இருக்க வேண்டும். ஒரு கொத்தமல்லி மணி என்பது இரு விதைகள் இணைந்த கனி. அதை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தால் சீராக முளைக்கும். வெயில் ஏறிய பின் விதைத்தால் இலை தருமுன்பே பூத்துவிடும். புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் விதை தேட வேண்டாம். அயலார் வீட்டுத் தண்டு ஒன்று போதும்.

முருங்கையை மறந்தால் தமிழ்நாட்டார் என்னை மன்னிக்கமாட்டார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த 'பி.கே.எம். 1' விதையிலிருந்தே வளர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கை. மாசிக் கடைசியில் ஊன்றினால், குளிர் வருமுன் தண்டு முற்றிவிடும். பனியில் நுனி கருகினாலும் கவலை வேண்டா. மாசியில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும்.

நல்ல விதை எங்கே கிடைக்கும்? நம் அருகிலேயே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அதன் வரலாறு நமக்கு மிகவும் நெருக்கமானது. பீகாரில் புசா என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டு அது தோன்றியது. 1934-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் கட்டடங்கள் பாழ்பட்டன. 1936-இல் கழகம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. பெயர்ந்தபோது பிறந்த ஊரின் பெயரையும் தன்னோடு கொண்டுவந்தது. இன்று தில்லியில் புசா என்பது ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. தான் உருவாக்கிய பல ரகங்களுக்கு அப்பெயரையே சூட்டுகிறது. ஊரை விட்டு வந்தும் ஊரின் பெயரை மறவாதவர் நாம் மட்டும் அல்லோம் என்பது ஓர் ஆறுதல் அன்றோ! வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை ஒட்டி அங்கு நடைபெறும் வேளாண் விழாவில் பொதுமக்களும் விதை வாங்கலாம். மாசிப் பட்டத்திற்கு அது ஏற்ற வேளை.

ஆனால் பெயர் பெற்ற ரகம் என்பதற்காகவே எதையும் என்றும் நம்பிவிடக் கூடாது. வெண்டையின் கதையைக் கேளுங்கள். வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் நரம்பு நோய் ஒருகாலத்தில் மழைக்கால வெண்டையைப் பாழாக்கி வந்தது. ஹர்பஜன் சிங் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் புசாவில் உழைத்து, அந்நோயைத் தாங்கும் 'புசா சாவனி' என்னும் ரகத்தை 1960-ஐ ஒட்டி நாட்டிற்கு அளித்தனர். அது நாடெங்கும் பரவியது. காலப்போக்கில் அதன் தாங்கும் ஆற்றல் தளர்ந்துவிட்டது. பின்னர் 'பர்பனி கிராந்தி', 'அர்க்கா அனாமிகா' போன்ற ரகங்கள் அதன் இடத்திற்கு வந்தன. விதையைத் தேர்வது ஒருமுறை முடித்துவிடும் வேலை அன்று. நோயும் மாறும், ரகமும் மாறும், நம் அறிவும் மாறவேண்டும்.

பொட்டலத்தை வாங்கியதும் கிழித்துவிடாமல் முதலில் படியுங்கள். ரகத்தின் பெயர், சோதித்த நாள், எதுவரை விதைக்கலாம் என்னும் நாள், முளைப்புத்திறன் ஆகியவற்றைப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் வாங்குவோருக்கு அளித்த பாதுகாப்பு இது. அடுத்து, அது வீரிய ஒட்டு விதையா, சாதாரண ரகமா என்று பாருங்கள். ஒட்டு விதை நல்ல விளைச்சல் தரும், குற்றமில்லை. ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. ஆண்டுதோறும் வாங்க வேண்டும். விதை எடுத்து வைக்க எண்ணுவோர் சாதாரண ரகத்தையே வாங்குக. மேலும், சிவப்பு, நீலம் எனச் சாயம் ஏறிய விதைகள் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக மருந்து பூசப்பட்டவை. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். எஞ்சியதைச் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள்.

பழைய விதையா என்ற ஐயம் வந்தால், வீட்டிலேயே சோதிக்கலாம். இருபது விதைகளை ஈரத்துணியில் சுற்றி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பதினான்குக்கு மேல் முளைத்தால் அது நல்ல விதை. பத்துக்குக் குறைந்தால் இரட்டிப்பாக விதையுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் எறிந்துவிடுங்கள். வெங்காய விதை ஓராண்டிற்கு மேல் தாங்குவது அரிது. வெண்டை இரண்டு ஆண்டு. தக்காளியும் கத்தரியும் மூன்று நான்கு ஆண்டு. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

அடுத்து, விதை எடுத்து வைத்தல். இதில் பலர் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் வந்த கொழுங்காய்களை எல்லாம் உண்டுவிட்டுக் கடைசியில் எஞ்சிய முற்றலை விதைக்கு விடுவார்கள். அது முறையன்று. செடிகள் இளமையாக இருக்கும்போதே, நோயின்றித் தழைத்து முந்திக் காய்த்த ஒன்றிரண்டைத் தேர்ந்து நூல் கட்டி அடையாளம் செய்யுங்கள். அவற்றின் நல்ல காய்களை விதைக்கென்றே விடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். வெண்டை செடியிலேயே காயட்டும். தக்காளி விதையை அதன் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

தக்காளி, பட்டாணி, அவரை ஆகியவை பெரும்பாலும் தம்முள்ளே கருவுறுபவை. ஆகவே விதை எளிதில் கலப்பதில்லை. மிளகாய் கலக்கும், சுரையும் பீர்க்கும் பரங்கியும் அவ்வவற்றின் வேறு ரகங்களோடு நிச்சயம் கலக்கும். அவற்றிற்கு, பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் மலருமுன் நூலால் கட்டிவைத்து, மலரும் வேளையில் நாமே மகரந்தம் தொட்டு, மீண்டும் கட்டிவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை; பரங்கியும் வெள்ளரியும் காலையில் மலர்பவை. பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுங்கள்; பாடநூலில் படித்ததைக் கண்ணால் காண்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஊரில் தாயார் முடிந்து வைத்திருக்கும் விதைகள் கடையில் கிடைப்பவை அல்ல. வேலூர் வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று நாடறியப் புகழ் எய்தின. ஆனால் குறியீடு பெறாத, பெயரும் வெளியில் தெரியாத ரகங்கள் எத்தனையோ ஊர்தோறும் உண்டு. ஒரு பாட்டி விதைப்பதை நிறுத்தினால் ஒரு ரகம் அற்றுப்போகக்கூடும். அவற்றைத் தில்லியில் நாம் விதைத்தால், எல்லாம் விளைந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. முதலாண்டு எல்லா விதையையும் ஊன்றிவிடாதீர்கள். பாதியைப் பத்திரப்படுத்துங்கள், பாதியை ஆடிப் பட்டத்தில் ஊன்றிப் பாருங்கள். குளிரைத் தாங்கிய செடி எது, முந்திப் பூத்தது எது என்று குறித்து, அதிலிருந்தே விதை எடுங்கள். சில ஆண்டுகளில் அந்த விதை இந்த ஊருக்குப் பழகிவிடும்.

இடமில்லையே என்பார்க்கும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் மாடமோ மொட்டைமாடியோ போதும். சுரைக்கொடி இரண்டு ஒரு குடும்பத்திற்கு மிகுதி. மிளகாய்ச் செடி நான்கு போதும். வெண்டை மட்டும் பதினைந்தாவது இருந்தால்தான் ஒரு வேளைக் கறிக்கு ஒருசேரக் கிட்டும். தொட்டியில் வளர்ப்போர் கீரை, கொத்தமல்லி, வெந்தயம், மிளகாய், கத்தரி ஆகியவற்றோடு நின்றுகொள்வது நலம். தில்லியில் நீர் அருமை; காய்கறி கழுவிய நீரை வீணாக்காமல் தொட்டிக்கு விடுங்கள்.

அன்பர்களே! மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. இன்று அவை இல்லாமல் சாம்பாரும் இல்லை, ரசமும் இல்லை. அவற்றை யாரும் அயலார் என்று கருதுவதில்லை. வந்த ஊரின் மழையையும் வெயிலையும் கற்றுக்கொண்ட விதை, அந்த ஊரின் விதையாகிறது. தன் சுவையையும் இழப்பதில்லை. நம் குடும்பங்களுக்கும் இதுவே வழி என்பது என் எண்ணம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து என் உரையை முடிக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் பூச்செண்டோடு ஒரு சிறு விதைப்பெட்டியும் மேடையில் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் தான் எடுத்த விதையில் ஒரு பிடியைத் தாளில் மடித்து, காயின் பெயர், வந்த ஊர், தில்லியில் விதைத்த மாதம், காய்த்த மாதம் ஆகிய நான்கையும் அதன்மேல் எழுதிக் கொண்டுவரட்டும். ஐந்தாறு ஆண்டுகளில் நம் குடியிருப்புக்கென்றே ஒரு பட்ட அட்டவணை உருவாகும். புதிதாக ஊரிலிருந்து வரும் தாயார் எவரும், 'இந்த மண் நமக்கு ஆகாது' என்று சொல்ல வேண்டிய தேவை அப்போது இராது.